மிஸ்டர் கோர்பிக்கு இரண்டு வாய்

அமெரிக்காவின் டுலூத் நகரில் குழாய் வேலை பார்க்கிறவர்கள் யாரிடமாவது ஆர்லன் கோர்பி என்ற என் பெயரைச் சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள். பிறகு பக்கத்தில் குழந்தைகள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, நான் எப்போதோ ஒரு பாய்லரைப் பார்த்துச் சொன்ன வசவு ஒன்றைச் சொல்லிக் காட்டுவார்கள். முப்பத்தோரு வருடம் இந்த வேலையில் இருந்திருக்கிறேன். கையால் செய்த எதையும் ஊர் ஞாபகம் வைத்திருக்கவில்லை. வாயால் செய்தது மட்டும் நிற்கிறது.

இதற்காக வெட்கப்படுகிறேன் என்று எழுத ஆசைதான். ஆனால் என் மனைவி காரின் இதைப் படிப்பாள். அவளுக்கு உண்மை தெரியும்.

என்னோடு பதினோரு வருடம் ஒரே வேனில் வேலைக்கு வந்தவன் கிளேட்டன் போப்ரே. கிளே என்போம். ஆறடி மூன்றங்குலம், சிவந்த தாடி. விவாகரத்து ஆகி, ஒரு கிழட்டு நாயோடு தனியாக இருந்தான். காலை ஆறரைக்கு என் வீட்டு வாசலில் வேனை நிறுத்தி, கண்ணாடியை இறக்குவான்.

"பன்னாடை! இன்னும் சாகலையாடா நீ?"

"உன் சவ அடக்கத்துக்கு சர்ச்சுல ஹாம் சாண்ட்விச் போடுவாங்கல்ல, அதத் தின்னுட்டுத்தான்டா சாவேன்."

இதுதான் எங்கள் காலை வணக்கம். இந்த இரண்டு வரி இல்லாமல் வேன் நகராது. அதற்குப் பிறகு வந்தவற்றை அச்சில் ஏற்ற முடியாது. குழாய், குறடு, சுவர், வீட்டைக் கட்டியவன், அவனுடைய தாத்தா என்று ஒருவரையும் விட்டுவைக்க மாட்டோம். ஆனால் திட்டு காதில் விழுந்துகொண்டிருக்கும் வரை ஆபத்தில்லை என்று எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். மரியாதை வந்தால்தான் பயப்பட வேண்டும்.

ஒருமுறை தரையில் ஓடு பதிப்பவன் ஒருவன், கிளே அப்போதுதான் போட்டு முடித்த கழிவுக் குழாயை மிதித்து உடைத்துவிட்டான். கிளே ஏணியிலிருந்து இறங்கினான். கையைத் துடைத்தான். "சார், உங்களுக்கு ஒரு நிமிஷம் நேரம் இருக்குமா?" என்று கேட்டான். கட்டடம் முழுக்க துளைக்கருவிகளின் சத்தம் நின்றது. ஓடு பதிப்பவன் காலை ஒன்பதரைக்கு மதியச் சாப்பாட்டுக்குப் போனவன், அன்று திரும்பி வரவில்லை.

இது என் முதல் வாய். இரண்டாவது வாய் என் முழங்காலில் பிறந்தது.

பத்து வருடம் முன்பு, என் வீட்டு வாசல் பனிக்கட்டியில் நானே வழுக்கி விழுந்து முழங்கால் சில்லை உடைத்துக்கொண்டேன். அடுத்தவன் வீட்டு வாசலில் விழுந்திருந்தால் வழக்காவது போட்டிருக்கலாம். ஒன்பது வாரம் சோபாவில் கிடந்தேன். பொழுது போகாமல், குழாய் வேலைக்காரர்கள் கூடிப் பேசும் ஓர் இணையதளத்துக்குள் நுழைந்தேன். 'குழாய் மேடை' என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கான்சாஸ்காரப் பெண் ஒருவர், தன் வீட்டு வெந்நீர்த் தொட்டி ஏன் இரைச்சல் போடுகிறது என்று கேட்டிருந்தார். எங்கள் தொழில்காரர்கள் நாற்பது பேர் சேர்ந்து அவரைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். முட்டாள் என்பதுதான் அதில் இருந்த மிக மென்மையான சொல்.

எனக்கு ரோஷம் வந்தது. வேலையிடத்தில் நான் திட்டுவது என்னோடு திட்ட வருகிறவனை. இந்த அம்மாள் யாரைத் திட்ட வந்தார்? "மதிப்பிற்குரிய அம்மா" என்று தொடங்கி, தொட்டிக்குள் படியும் சுண்ணாம்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அந்த அம்மாள் நெகிழ்ந்துபோய் நன்றி சொன்னார். தளத்தை நடத்திய ஒஹாயோக்காரர் வெர்ன் யோடர், "உங்களைப் போன்ற கண்ணியமானவர்தான் இங்கே தேவை. மட்டுறுத்துநராக இருக்க முடியுமா?" என்று கேட்டார். யார் எல்லை மீறுகிறார்கள் என்று கண்காணித்து, மீறினால் வெளியே அனுப்பும் வேலை.

கண்ணியமானவர் என்று என்னை அதற்கு முன் ஒருவரும் சொன்னதில்லை. தலை கிறுகிறுத்துவிட்டது.

'அமைதி ஏரி' என்று பெயர் வைத்துக்கொண்டேன். ஏழு விதிகள் எழுதினேன். வசவுச் சொல் வந்தால் தானாக நட்சத்திரக் குறிகளாக மாறும்படி செய்யச் சொன்னேன். என் எழுத்து நடையும் நாளுக்கு நாள் ஊதிப் பெருத்தது. "தங்கள் அனுபவத்தின் முன் தலைவணங்குகிறேன், ஆயினும் தங்கள் சொற்களின் முன் தலைவணங்க இயலவில்லை." இதை நான் எத்தனை பேருக்கு எழுதியிருப்பேனோ தெரியாது. ஓய்வு பெற்ற பாதிரியார் என்று என்னைப் பலர் நினைத்தார்கள். ஒருவர் தன் தாயாரின் அறுவை சிகிச்சைக்காக ஜெபிக்கும்படி கேட்டார். நான் மறுக்கவில்லை என்பதோடு, நாலு வரியில் ஒரு ஜெபமும் எழுதி அனுப்பினேன். தாயார் பிழைத்துக்கொண்டார். அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

"யாருக்கு எழுதுற, போப்பாண்டவருக்கா?" என்பாள் காரின், தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து. "இந்த ஆளு யாரு ஆர்லன்? எனக்கு அறிமுகப்படுத்தி வைக்கலாம்ல? நல்லவரா இருப்பாரு போல."

முழங்கால் சரியாகி வேலைக்குத் திரும்பிய பிறகும் இரண்டாவது வாயை மூடவில்லை. பகலெல்லாம் முதல் வாய், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் இரண்டாவது. இப்படியே பத்து வருடம் போனது. கிளேயிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் சாகும்வரை என்னை ஃபாதர் என்றே கூப்பிட்டிருப்பான்.

போன அக்டோபரில் அயோவாவிலிருந்து எமில் ஸ்வோபோடா என்பவர் ஒரு படம் போட்டார். அவர் வீட்டு வெந்நீர்த் தொட்டியின் பாதுகாப்பு வால்வு சொட்டிக்கொண்டிருந்ததாம். மனிதர் அதன் வாயில் ஒரு மூடியைத் திருகி இறுக்கிவிட்டார். சொட்டு நின்றது என்று சந்தோஷமாக எழுதியிருந்தார். எங்கள் தொழிலில் இருப்பவனுக்கு அந்தப் படத்தின் அர்த்தம் ஒரே பார்வையில் தெரியும். உள்ளே அழுத்தம் ஏறினால் வெளியேற வழியே இல்லை. தொட்டி வெடித்துக் கூரையைப் பெயர்த்துக்கொண்டு போய்விடும்.

நான் எழுதினேன்: "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் முயற்சி பாராட்டுக்குரியது. எனினும் வசதிப்படும்போது அந்த மூடியைப் பற்றி மறுபரிசீலனை செய்வது நலம் பயக்கக்கூடும்."

வசதிப்படும்போது! வேறு இரண்டு பேரும் என் நடையைப் பின்பற்றி இதமாகச் சொன்னார்கள். எமில் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்.

அரை மணி கழித்து 'வடக்குக் கரடி' என்ற பெயரில் ஒருவன் வந்தான். அவன் எழுதியது ஏழு வரி. அதில் பதினான்கு இடங்களில் வரிசை வரிசையாக நட்சத்திரம். நிலவில்லாத வானம் போல இருந்தது. நட்சத்திரங்களுக்கு நடுவே 'மூடி', 'இப்பவே', 'குண்டு', 'உன் பொண்டாட்டி பிள்ளைங்க' என்று சில சொற்கள் மட்டும் தெரிந்தன.

நான் நட்சத்திரங்களை எண்ணினேன். அந்தச் சொற்களைப் படிக்கவில்லை. முப்பது நாள் தடை போட்டேன். அதோடு விட்டேனா? வன்சொல் மனித மாண்பைச் சிதைப்பது பற்றி இரண்டு பக்கக் கடிதம். தலைவணங்கும் வாக்கியம் அதில் இருமுறை வந்தது. எழுதி முடித்து, நானே வாசித்து ரசித்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலை ஒரு பள்ளிக்கூடத்தின் பாய்லர் அறையில் வேலை. எங்கள் ஆட்கள் ஐந்து பேர் காபி குடித்துக்கொண்டிருந்தோம். கிளே கவிழ்த்துப் போட்ட வாளி ஒன்றின் மேல் ஏறி நின்று, கைப்பேசியை எடுத்து, உதட்டைக் குவித்து, பழைய பள்ளி ஆசிரியை குரலில் வாசிக்க ஆரம்பித்தான்.

"'அன்பு நண்பரே. தங்கள் அனுபவத்தின் முன் தலைவணங்குகிறேன்...'"

வடக்குக் கரடி என் வேன்காரன்தான்! என் காபி மூச்சுக்குழாய்க்குள் போனது. இருமி முடிக்க இரண்டு நிமிடம் ஆயிற்று. எல்லோரும் உருண்டு உருண்டு சிரித்தார்கள். நான் என்ன செய்தேன்? எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன். "யார்றா அந்தக் கபோதி? வாழ்க்கையில ஒரு ரெஞ்சைக் கையில புடிச்சிருப்பானா?" என்றுகூடக் கேட்டேன்.

மதியம் வேனின் பின்பலகையில் உட்கார்ந்து சாப்பிடும்போது கிளே சொன்னான்: "அவனுக்கு ஒரு பதில் எழுதணும்டா. நீதான் சொல்லணும். திட்டுறதுல உன்னை மாதிரி எவனும் இல்ல."

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயில் சாண்ட்விச் இருந்தது என்பதைத் தவிர எனக்குச் சாக்கு எதுவும் இல்லை. அதை விழுங்கிவிட்டு, சொல்லச் சொல்ல அவன் தட்டினான். அமைதி ஏரியின் பிறப்பு, வளர்ப்பு, நாக்கு, பின்புறம் எல்லாவற்றையும் பற்றி. அடடா, அது என் வாழ்நாளின் சிறந்த வசவு. உள்ளும் புறமும் தெரிந்த ஆளைப் பற்றி எழுதும்போது தனி வேகம் வந்துவிடுகிறது. கிளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு அவனை நேர்ல தெரியுமாடா?" என்றான்.

சாயங்காலம் அது எனக்கு வந்து சேர்ந்தது. நான் அதைத் திறந்து, முகம் சுளித்து, ஆறாவது விதியின்படி மட்டுறுத்துநரை இழிவுபடுத்தியதற்காகத் தடையை அறுபது நாளாக நீட்டினேன். நான் சொன்ன வசவுக்கு, நானே புண்பட்டு, அவனுக்குத் தண்டனை. விட்டுவிட்டால் ஏன் விட்டாய் என்று வெர்ன் கேட்பாரே என்று பயம். எவ்வளவு கேவலமான பயம் என்று இப்போது தெரிகிறது. அப்போதும் தெரிந்தது. காரினிடம் மட்டும் சொன்னேன்.

"ரெண்டு பேர்ல எவன் கேடுகெட்டவன்னு நான் இவ்வளவு நாளாத் தப்பா நினைச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

ஒரு வாரம் கழித்து அயோவாக்காரர் எமில் எனக்கு எழுதினார். 'கரடியைத் திரும்ப உள்ளே விடுங்கள் ஐயா. நீங்கள் மூன்று பேரும் சொன்னது ஏதோ வீட்டை அழகுபடுத்தும் ஆலோசனை மாதிரி இருந்தது. அவன் திட்டியதைப் பார்த்ததும்தான் கீழே ஓடி மூடியைக் கழற்றினேன். முன்பின் தெரியாதவன் இவ்வளவு கத்துகிறான் என்றால் காரணம் இருக்கும் என்று தோன்றியது.'

அன்று முதல்முறையாகக் கரடியின் பழைய பதிவுகளைத் தேடிப் பார்த்தேன். நாலாயிரத்துக்கு மேல் இருந்தன. எல்லாம் ஊர் பேர் தெரியாதவர்களுக்குச் சொன்ன பதில்கள். ஒரு கிழவருக்கு வால்வு மாற்ற மூன்று மணி நேரம் கூடவே இருந்து சொல்லிக்கொடுத்திருந்தான். திட்டெல்லாம் வால்வுக்கு. கிழவருக்கு ஒன்றும் இல்லை. நாயைத் தவிர வேறு யாரும் இல்லாத வீட்டில் இவன் சாயங்காலங்களை என்ன செய்கிறான் என்று பதினோரு வருடத்தில் நான் கேட்டதே இல்லை. நான் அந்தச் சாயங்காலங்களைத்தான் அறுபது நாளைக்குப் பூட்டிவைத்திருந்தேன்.

அப்போதாவது திறந்தேனா? இல்லை. நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வாரம் ஓட்டினேன்.

நவம்பரில் எங்கள் தொழிற்சங்கக் கூட்டம். எங்கள் சங்கக் கூட்டத்தில் எல்லோரும் எல்லோருக்கும் பிரதர்தான். காலையில் பன்னாடை என்றவனைச் சாயங்காலம் பிரதர் போப்ரே என்று அழைக்க வேண்டும். கோடை விருந்தை ஏரிக்கரையில் வைப்பதா, கொசு இல்லாத இடத்தில் வைப்பதா என்று ஒரு மணி நேரம் சண்டை. லெஸ்டர் என்ற பழைய ஆள் ஏரிக்கரைக்காக மேசையைக் குத்திக்கொண்டிருந்தான். நான் சமாதானம் செய்ய எழுந்தேன்.

"பிரதர் தலைவரே. பிரதர் லெஸ்டரின் அனுபவத்தின் முன் தலைவணங்குகிறேன், ஆயினும்..."

சொல்லும்போதே தெரிந்துவிட்டது. வாய் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நாக்கைக் கடித்து நிறுத்தினேன். மூன்று வரிசைக்கு முன்னால் ஒரு சிவந்த தாடி மெதுவாகத் திரும்பியது.

மறுநாள் காலை ஆறரைக்கு வேன் வந்தது. கண்ணாடி இறங்கியது.

"குட்மார்னிங், மிஸ்டர் கோர்பி. ஏறிக்கிறீங்களா? பனி வழுக்கும், பாத்து வாங்க."

அப்படியே திரும்பி வீட்டுக்குள் ஓடிவிடலாமா என்று இருந்தது.

பதினோரு நாள். "மிஸ்டர் கோர்பி, அந்தக் குறடை எடுத்துத் தர முடியுமா? ரொம்ப நன்றி." "மிஸ்டர் கோர்பி, உங்களுக்குச் சிரமம் இல்லன்னா கொஞ்சம் நகருங்க." ஒருநாள் தண்ணீரை வடிக்காமல் இணைப்பைக் கழற்றி, பாய்லரின் கறுப்புத் தண்ணீரில் தலை முதல் கால் வரை குளித்தேன். வேறு நாளாக இருந்தால் கிளே அதை வைத்து ஒரு வருடம் ஓட்டியிருப்பான். அன்று துண்டை நீட்டினான். "நனைஞ்சிட்டீங்க" என்றான். எனக்கு அழுகை வந்தது. கறுப்புத் தண்ணீர் வடிந்துகொண்டிருந்ததால் வெளியே தெரியவில்லை.

எட்டாம் நாள் குழாய் மேடையில் என் சொந்தப் பெயரில் எல்லாவற்றையும் எழுதினேன். நான் பாதிரியார் இல்லை என்பது முதல், அந்த வசவைச் சொன்னவனே நான்தான் என்பது வரை. கரடியின் தடையை நீக்கினேன். பத்து வருடமாக நான் வெளியே அனுப்பியவர்களெல்லாம் திரும்பி வந்து கொண்டாடினார்கள். வெர்ன் என் பதவியைப் பிடுங்கி, என் ஆறாவது விதியைக் காட்டியே எனக்குத் தொண்ணூறு நாள் தடை போட்டார். ஜெபம் வாங்கியவர் மட்டும், 'பரவாயில்லை, அம்மா நலம்' என்று எழுதியிருந்தார்.

மறுநாள் வேனில் ஏறினேன். "படிச்சியா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"படிச்சேன், மிஸ்டர் கோர்பி. எழுத்துப்பிழை ஒண்ணும் இல்ல."

பதினோராம் நாள், மேட்டுத்தெருவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் போயிருந்தோம். முந்தின நாள் அங்கே மூன்றாம் மாடியில் ஒரு குழாய் மாற்றியிருந்தோம். அதன் மேலாளர் ஆஷ்வொர்த் என்பவர், பளபளக்கும் ஷூ, குரல் உயராது. கூடத்தில் குடியிருப்போர் ஏழெட்டுப் பேர் தபால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ரெண்டாம் மாடில கூரை ஒழுகுது மிஸ்டர் கோர்பி. கோச்சுக்காதீங்க. உங்களை மாதிரி ஆளுங்ககிட்ட நான் ரொம்ப எதிர்பார்த்துட்டேன். தப்பு என்மேலதான்."

ஒழுகல் எங்களால் இல்லை. அவருடைய ஆளே மாட்டிய பாத்திரம் கழுவும் இயந்திரத்திலிருந்து. நாங்கள் இருவரும் மேலே போய்ப் பார்த்துவிட்டுத்தான் கூடத்துக்கு இறங்கி வந்திருந்தோம். பதில் சொல்ல வேண்டும். திட்டினால் அந்தக் கட்டடத்து வேலை போய்விடும். மரியாதையாகப் பேசலாம் என்றால், பதினோரு நாளாக அந்த வாயைத் திறக்கவே கூசியது. ஊரிலேயே பெரிய வாய்க்காரன், இரண்டையும் மூடிக்கொண்டு காது சிவக்க நின்றேன்.

கிளே கருவிப் பெட்டியைத் தரையில் வைத்தான். தொப்பியைக் கழற்றினான். உதடு குவிந்தது.

"மதிப்பிற்குரிய மிஸ்டர் ஆஷ்வொர்த். தங்கள் பதவியின் முன் தலைவணங்குகிறேன். ஆயினும் தங்கள் சொற்களின் முன் தலைவணங்க இயலவில்லை. தாங்கள் எதிர்பார்த்தது வீண்போகவில்லை. மிஸ்டர் கோர்பி மாற்றிய குழாய் காய்ந்து கிடக்கிறது. ஒழுகுவது, தங்கள் ஆள் தங்கள் ஆணைப்படி மாட்டிய இயந்திரம். வசதிப்படும்போது வந்து பார்வையிட்டால் நலம் பயக்கக்கூடும். வன்சொல் மனித மாண்பைச் சிதைக்கும் என்பதை மட்டும் பணிவோடு நினைவூட்டுகிறேன்."

தபால் எடுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு பெண்மணி கை தட்டினார். ஆஷ்வொர்த் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து மன்னிப்புக் கேட்டார்.

வேனில் ஏறி உட்கார்ந்தோம். கிளே சாவியைப் போடவில்லை.

"அந்த லெட்டரை நாப்பது தடவையாவது படிச்சிருப்பேன்டா, பன்னாடை" என்றான். "நல்லாத்தான் எழுதியிருக்க. அதான் இன்னும் கடுப்பா இருந்துச்சு."

நான் கையுறையைக் கழற்றி மடியில் வைத்தேன்.

"முப்பது நாளு போட்ட, சரி. திட்டினேன்ல. ஆனா எதுக்குடா இவன் இப்படிக் கத்துறான்னு ஒரு வரி கேட்டிருக்கலாம்ல? எல்லாரையும் தாங்கள் தாங்கள்ங்கிற. கேக்கத் தெரியல?"

"தெரியலடா."

"அறுபது நாளு எதுக்கு? நீ சொன்ன வசவு அது!"

"நல்ல வசவுல்ல?"

அவன் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துச் சிரிக்க ஆரம்பித்தான். நிறுத்த வெகுநேரம் ஆயிற்று. பிறகு என் தோளில் ஒரு குத்து விட்டான். அது மூன்று நாள் வலித்தது. அது நட்புக் குத்து அல்ல, நான் வாங்க வேண்டிய குத்துதான் என்று இருவருக்குமே தெரியும்.

குழாய் மேடையில் இப்போது புது மட்டுறுத்துநர் வந்திருக்கிறார், மேய்ன் பக்கத்துப் பெண்மணி. யார் திட்டினாலும் முதலில் ஏன் என்று கேட்கிறார். இதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பத்து வருடமும் ஒரு முழங்காலும் போதவில்லை.

என் தடை மார்ச்சில் முடிந்தது. அன்று சாயங்காலம் போய்ப் பார்த்தேன். ஐடஹோவிலிருந்து ஒருவர், கழிப்பறைக் கோப்பை உட்கார்ந்தால் ஆடுகிறது என்று கேட்டிருந்தார். அடிப்பக்கத் திருகாணியை இறுக்கும்முன் தரை சமமாக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் இந்த இந்த இடத்தில் ஆப்பு வையுங்கள் என்று எழுதினேன். மதிப்பிற்குரிய என்று எழுதி அழித்தேன். முதல் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது, அதையும் அழித்தேன். கடைசியில் ஐந்து வரி தேறியது. அதற்கு எனக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று.

ஒரு மணி கழித்து பதில் வந்தது: 'ஆட்டம் நின்றுவிட்டது, நன்றி. உங்களுக்குக் குழாய் வேலை கொஞ்சம் தெரியும்போல?'